வெல்டிங் ஹெல்மெட்: 'ஒரே ஒரு டேக்தானே' என்று கண்ணை மூடிக்கொள்பவரா நீங்கள்? புதிதாகப் பழகுபவர்கள் எதை வாங்குவது, எப்படிப் போடுவது?

வெல்டிங் மிஷின் என்றால் ஒரு காலத்தில் சக்கரம் வைத்த பெரிய இரும்புப் பெட்டி. நாலு பேர் சேர்ந்துதான் தள்ள முடியும். இப்போது தோளில் மாட்டிக்கொண்டு படியேறும் அளவுக்கு இன்வெர்ட்டர் மிஷின் வந்துவிட்டது. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் வீட்டு வாசலுக்கே வருகிறது, வீட்டு கரண்டிலேயே சின்ன வேலைக்கு ஓடுகிறது. ஐ.டி.ஐ-யில் ஓராண்டு வெல்டர் படிப்பு முடித்தவர், பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்தவர், யூடியூப் பார்த்து மொட்டை மாடிக்கு ஷெட் போட நினைப்பவர் என்று புதிதாகக் கையில் ஹோல்டர் பிடிப்பவர்கள் பல வகை.

மிஷினுக்குப் பல ஆயிரம் செலவழிக்கிறவர், முகத்துக்கு என்ன போடுகிறார் என்று பாருங்கள். மிஷின் பெட்டிக்குள்ளேயே இலவசமாக வந்த பிளாஸ்டிக் கை ஷீல்டு. இல்லையென்றால் ரோட்டோரம் வாங்கிய கூலிங் கிளாஸ். அதுவும் இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, 'ஒரே ஒரு டேக்தானே'.

கண் போவது பெரும்பாலும் அந்த ஒரு டேக்கில்தான். நீளமாக ஒரு தையல் போடும்போது யாரும் வெறுங்கண்ணால் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. இரண்டு துண்டை ஒட்டவைக்க ஒரு புள்ளி வைக்கும் அந்த அரை நொடியில்தான் ஷீல்டு கீழே கிடக்கிறது. ஹெல்மெட் வாங்குவதைப் பற்றிய பேச்சை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

மூணாவது கை எங்கே?

ஜன்னல் கிரில் செய்யும் ஒருவரை யோசித்துப் பாருங்கள். வலது கையில் ராடு மாட்டிய ஹோல்டர். சதுரக் கம்பியை மட்டம் பார்த்து, சாய்ந்துவிடாமல் இடது கையால் பிடித்திருக்கிறார். அப்போது ஷீல்டைப் பிடிக்க மூணாவதாக ஒரு கை வேண்டும்.

அது யாருக்கும் இல்லை. அதனால் மூன்று வழிகளில் ஒன்றைச் செய்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு டேக் வைப்பது ஒன்று. ஹெல்பரைக் கம்பியைப் பிடிக்கச் சொல்லிவிட்டு இவர் மட்டும் ஷீல்டு பிடிப்பது இன்னொன்று. அப்போது கண்ணை மூடுவது ஹெல்பர். மூன்றாவது, கூலிங் கிளாஸ்.

"கண்ணை மூடினால் என்ன ஆகும்?" என்று கேட்கலாம். முதலில், சரியான நேரத்தில் மூட முடியாது. இமை அனிச்சையாக மூடுவதற்கே ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி ஆகும். ஆர்க் அதற்கு முன்பே பற்றிக்கொண்டிருக்கும். ராடு ஒட்டிக்கொண்டால் 'என்னாச்சு' என்று கண் தானாகத் திறக்கும், அடுத்த கணமே மறுபடி ஆர்க் அடிக்கும். அடுத்து, இமையும் தோல்தான். கழுத்துப் பட்டன் திறந்திருந்த இடத்தில் வெல்டர்களுக்குத் தோல் சிவந்து உரிவதைப் பார்த்திருப்பீர்கள். இமைக்கும் அதுவேதான். டேக் எங்கே விழுந்தது என்பதே தெரியாமல் போவது தனிக்கதை.

ஆகவே, 'கை ஷீல்டா, தலையில் மாட்டும் ஹெல்மெட்டா' என்ற கேள்விக்கு விலையை வைத்துப் பதில் சொல்லக் கூடாது. கையால் பிடிக்கும் ஷீல்டு நல்ல கண்ணாடி போட்டிருந்தாலும், கை தேவைப்படும் முதல் நிமிடத்தில் கீழே இறங்கிவிடும். தலையில் மாட்டியது தலையிலேயே இருக்கும். புதிதாகப் பழகுபவருக்கு இது முதல் விதி.

ஆர்க் வெளிச்சம் கண்ணில் என்ன செய்கிறது?

பளிச்சென்ற வெள்ளை வெளிச்சம்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். அது கண்ணைக் கூசவைக்கும், உடனே விலகிவிடுவோம். பெரிய சேதம் செய்வது கண்ணுக்கே தெரியாத புற ஊதாக் கதிர். வெயிலிலும் அது உண்டு. ஆனால் சூரியனிலிருந்து வருவதில் மிகக் கடுமையான பகுதியை வளிமண்டலத்தின் ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. ஆர்க்குக்கும் உங்கள் முகத்துக்கும் நடுவே ஓசோன் படலம் எதுவும் கிடையாது. இடைவெளி ஒன்றரை அடி.

இந்தக் கதிரைக் கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் கருவிழிப் படலம் உறிஞ்சிக்கொள்கிறது. அதன் மேல்தோல் செல்கள் பாதிக்கப்படுகின்றன. ஆனால் உடனே வலிக்காது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து அந்த செல்கள் உதிரத் தொடங்கும்போது, அடியில் இருக்கும் நரம்பு முனைகள் திறந்துவிடும். அதனால்தான் பகலில் அடித்த ஆர்க் நடு ராத்திரியில் எழுப்பிவிடுகிறது. இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தல், நீர் கொட்டுதல், விளக்கைப் பார்க்க முடியாமை. பட்டறை மொழியில் 'கண்ணு அடிச்சிருச்சு'.

இந்தத் தாமதம்தான் ஆளை ஏமாற்றுகிறது. சூடு பட்டால் கை தானாக இழுத்துக்கொள்ளும், அடுத்த முறை ஜாக்கிரதையாக இருப்போம். ஆர்க்கில் அந்தப் பாடம் எட்டு மணி நேரம் லேட்டாக வருகிறது. எந்த டேக்கால் வந்தது என்று தெரியாது. 'இன்னிக்கு வேலை ஜாஸ்தி' என்று முடித்துவிடுவார்கள்.

பொதுவாக ஒன்று முதல் மூன்று நாளில் அந்த மேல்தோல் மறுபடி வளர்ந்துவிடும், வலி போய்விடும். போய்விடுவதாலேயே அலட்சியமும் வருகிறது. ஆனால் நீல வெளிச்சம் விழித்திரை வரைக்கும் போகிறது. ஆர்க்கை உற்றுப் பார்ப்பவர்களுக்குப் பார்வையின் நடுவே நிரந்தரமாக ஒரு மங்கல் புள்ளி விழவும் வாய்ப்பு உண்டு. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2017-ல் வெல்டிங்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிரை 'மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற முதல் பிரிவில் சேர்த்தது. கண்ணில் வரும் மெலனோமா என்ற புற்றுநோயை அடிப்படையாக வைத்து வந்த முடிவு அது. வெல்டிங் புகையும் அதே கூட்டத்தில் அதே பிரிவுக்குப் போனது. அது நுரையீரல் சம்பந்தப்பட்டது. ஹெல்மெட் புகையைத் தடுக்காது என்பதை மட்டும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

10, 11, 12 - கண்ணாடியில் இருக்கும் நம்பருக்கு என்ன அர்த்தம்?

கருப்புக் கண்ணாடி வாங்கப் போனால் கடைக்காரர் "எத்தனாம் நம்பர்?" என்பார். எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது என்பதற்கான அளவு அது. நம்பர் ஒன்று கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகச் சுருங்கிவிடும். 10-ம் நம்பர் கண்ணாடி, விழும் வெளிச்சத்தில் சுமார் ஏழாயிரத்தில் ஒரு பங்கைத்தான் விடும். 12 என்றால் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு.

இப்போது கேஸ் கட்டிங் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சையாக, வட்டமாக இருக்குமே, அதுதான். அது பெரும்பாலும் 5-ம் நம்பர். 'பத்தில் பாதிதானே, கொஞ்சம் கூசும், அவ்வளவுதான்' என்று அதை மாட்டிக்கொண்டு ஆர்க் அடிப்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டால், 10-ஐ விட 5 உள்ளே விடும் வெளிச்சம் ஏறக்குறைய 140 மடங்கு. கூலிங் கிளாஸ் இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. பக்கவாட்டில் முழுக்கத் திறந்து கிடக்கிறது என்பது வேறு.

எந்த வேலைக்கு எது? அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் அட்டவணையை உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். ராடு வெல்டிங்கில் 60 முதல் 160 ஆம்பியர் வரை குறைந்தபட்சம் 8, பரிந்துரை 10. நம் ஊர்க் கணக்கில் 12 கேஜ் ராடும் 10 கேஜ் ராடும் இதற்குள் அடங்கிவிடும். 8 கேஜ் ராடு போட்டு 160 ஆம்பியரைத் தாண்டினால் குறைந்தபட்சம் 10, பரிந்துரை 12. மிக் வெல்டிங்கில் அதே 60 - 160 ஆம்பியருக்கு குறைந்தபட்சம் 10, பரிந்துரை 11. அலுமினியம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு டிக் வெல்டிங் பழகுபவர் 50 முதல் 150 ஆம்பியருக்குக் குறைந்தது 8, பரிந்துரை 12 என்று வைத்துக்கொள்ளலாம்.

'எதற்கும் இருக்கட்டும், 13 வாங்கிவிடுவோம்' என்பது புதியவர்கள் செய்யும் காரியம். கருப்பு கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று தோன்றும். நடப்பது தலைகீழ். உருகி நிற்கும் இரும்புக் குழம்பு தெரியாது. தெரியவில்லை என்றதும் முகத்தைக் கிட்டே கொண்டுபோவார்கள், அல்லது ஷீல்டின் ஓரத்தால் எட்டிப் பார்ப்பார்கள். அதனால் கொஞ்சம் இருட்டான நம்பரில் தொடங்கி, குழம்பின் விளிம்பு தெளிவாகத் தெரியும் வரை ஒவ்வொன்றாக இறங்க வேண்டும். அட்டவணையின் குறைந்தபட்சத்துக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. வேலை முடிந்ததும் கண் முன்னால் பச்சைப் புள்ளி ஆடுகிறது என்றால், ஒரு நம்பர் ஏற்றுங்கள்.

ஆட்டோ டார்க்: கண்ணாடி தானாகக் கருக்கும் ரகசியம்

சாதாரண 10-ம் நம்பர் கண்ணாடியைப் போட்டால் ஆர்க் அடிக்கும் வரை எதுவும் தெரியாது. கும்மிருட்டு. ராடை எங்கே வைக்கிறோம் என்று பார்த்துவிட்டு, தலையைச் சட்டென ஆட்டி ஹெல்மெட்டைக் கீழே இறக்கி, பிறகு உரச வேண்டும். அனுபவசாலிக்கு அது நடக்கும்போது பேசுவது மாதிரி. புதியவருக்குத் தலையை ஆட்டும்போதே ராடு நுனி ஒரு அங்குலம் தள்ளிப் போயிருக்கும். நாலு தடவை இப்படி ஆனால், ஐந்தாவது தடவை ஹெல்மெட்டை இறக்காமலே உரசிப் பார்க்கத் தோன்றும்.

இந்தப் பிரச்சினைக்கு 1981-ல் சுவீடனில் ஒரு விடை சந்தைக்கு வந்தது. ஹோர்னெல் நிறுவனத்தின் ஸ்பீட்கிளாஸ். ஆர்க் இல்லாதபோது லேசான பச்சைக் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆர்க் பற்றியதும் சென்சார் பார்த்துவிட்டு, கால்குலேட்டர் திரையில் எண்களைக் காட்டுகிற அதே திரவப் படிகத் தொழில்நுட்பத்தால் கண்ணாடியைக் கருக்கிவிடும். இன்றைய ஹெல்மெட்களில் இதற்கு எடுக்கும் நேரம் நொடியில் 25 ஆயிரத்தில் ஒரு பங்கு என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள்.

பலருக்கும் ஒரு பயம் உண்டு: 'பேட்டரி தீர்ந்து கருக்காமல் போனால் கண் போயிடுமே?' தரமான ஆட்டோ டார்க் கண்ணாடியில் புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுப்பது கருக்கும் பகுதி அல்ல, அதற்கு முன்னால் நிரந்தரமாகப் பூசப்பட்ட வடிகட்டி. அது பேட்டரி இல்லாமலும் வேலை செய்யும். கருக்கத் தவறினால் கண்ணைப் பறிக்கிற கூச்சம் இருக்கும், உடனே நிறுத்த வேண்டும். ஆனால் நடு ராத்திரி மணல் உறுத்தல் வராது. அதாவது கருப்பு வேறு, பாதுகாப்பு வேறு.

ஆனால் இந்த வாக்கியத்தில் 'தரமான' என்ற சொல்தான் முழு எடையையும் சுமக்கிறது. வடிகட்டி இருக்கிறதா இல்லையா என்பது கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடியது அல்ல. அதனால்தான் முத்திரை பார்க்கச் சொல்கிறோம்.

ஆன்லைனில் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

தள்ளுபடி நேரத்தில் ஆயிரம் ரூபாய் சுற்றியே ஆட்டோ டார்க் ஹெல்மெட்கள் கண்ணில் படும். பத்தாயிரத்தைத் தாண்டியும் இருக்கின்றன. மண்டை ஓடு, கழுகு, நெருப்பு என்று வரைந்திருப்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். (வரைந்திருந்தால் தப்பில்லை. மாட்டிக்கொள்ள ஆசையாக இருந்தால் அதுவும் நல்லதுதான்.)

முதலில் தேட வேண்டியது தர எண். தானாகக் கருக்கும் கண்ணாடிக்கு ஐரோப்பியத் தரம் இஎன் 379. அமெரிக்கத் தரம் அன்சி இசட் 87.1. சாதாரண ஷீல்டு, ஹெல்மெட்டுக்கு நம் நாட்டில் ஐஎஸ் 1179 இருக்கிறது. இந்த எண் விளம்பரப் படத்தில் இருந்தால் போதாது, கண்ணாடிச் சட்டத்திலேயே பொறித்திருக்க வேண்டும். பொருள் கைக்கு வந்ததும் கழற்றிப் பாருங்கள், இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். இதில் மட்டும் 'பரவாயில்ல' சொல்லாதீர்கள்.

இஎன் 379 பக்கத்தில் 1/1/1/2 என்பது போல நாலு எண்கள் இருக்கும். பார்வை எவ்வளவு தெளிவு, வெளிச்சம் எவ்வளவு சிதறுகிறது, கண்ணாடி முழுக்க ஒரே சீராகக் கருக்கிறதா, சாய்வாகப் பார்த்தாலும் அதே கருப்பு இருக்கிறதா என்பதற்கான மதிப்பெண்கள் அவை. இங்கே 1-தான் முதல் ரேங்க். கடைசி எண் 3 என்றால், குனிந்து வளைந்து வேலை செய்யும்போது ஓரங்களில் வெளிச்சம் மாறி மாறித் தெரியும்.

சென்சார் இரண்டு உள்ளதும் நாலு உள்ளதும் இருக்கிறது. மேஜையில் வைத்து டேக் போட இரண்டு போதும். பைப்புக்கு அடியில், கேட்டின் மூலையில் நுழைந்து அடிக்கும் வேலை என்றால் ஒரு சென்சாரை பைப்போ உங்கள் கையோ மறைத்துவிடும். அங்கே நாலு இருந்தால்தான் நிம்மதி. டிக் வெல்டிங்கில் குறைந்த ஆம்பியரில் ஆர்க் அடங்கி எரியும், விலை குறைந்த மாடல்கள் அதைக் கவனிக்காமல் விட்டு மினுக் மினுக் என்று விழித்து மூடும். டிக் பழகப்போகிறவர், எத்தனை ஆம்பியர் வரைக்கும் உணரும் என்பதைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

பேட்டரியை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். சோலார் என்று மட்டும் எழுதியிருக்கும் சிலவற்றில் உள்ளே ஒரு பேட்டரியைப் பூட்டி வைத்திருப்பார்கள். அது முடிந்தால் ஹெல்மெட்டே முடிந்தது. முன்பக்கம் போடும் ஒளிபுகும் பிளாஸ்டிக் தகடு தனியாகக் கிடைக்கிறதா என்பது அதைவிட முக்கியம். நெருப்புப் பொறி தெறித்துத் தெறித்துச் சில வாரங்களில் அந்தத் தகடு மங்கிவிடும். தகடு கிடைக்காத ஹெல்மெட், ரீஃபில் கிடைக்காத பேனா.

எடையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. அரை கிலோவுக்கு அருகில் இருப்பதுதான் வழக்கம். மே மாத வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, ஒரு நாள் முழுக்க அதைத் தலையில் வைத்திருக்க வேண்டும். நெற்றிப் பட்டை வியர்வையில் ஊறி நாறும். கழற்றித் துவைக்க முடிகிற பட்டை உள்ளதா பாருங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் ஹெல்மெட் தலையில் இருப்பதும் கொக்கியில் தொங்குவதும் இதனால்தான் முடிவாகிறது.

அந்த அளவுக்குப் பணம் இல்லை என்றால்? ஆட்டோ டார்க் இல்லாவிட்டால் கண் போய்விடும் என்று யாரும் உங்களைப் பயமுறுத்த வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு, தலையில் மாட்டும் சாதாரண ஹெல்மெட் கிடைக்கிறது. கருப்புக் கண்ணாடி மட்டும் மேலே தூக்கிக்கொள்ளும் மாடலாக, தூக்கினால் உள்ளே வெள்ளைக் கண்ணாடி இருப்பதாக வாங்குங்கள். டேக்குக்கு முன் பார்ப்பதும், முடிந்ததும் சுத்தியலால் கசடு தட்டுவதும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நடக்கும். பேர் தெரியாத, தர எண் இல்லாத ஆட்டோ டார்க்கை விட இதுவே மேல் என்பது என் கணக்கு. கருப்புக் கண்ணாடிக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கண்ணாடி கட்டாயம். பொறி அதில்தான் விழ வேண்டும். கீறல் விட்ட, மூலை உடைந்த கருப்புக் கண்ணாடியை டேப் ஒட்டி ஓட்டாதீர்கள், அதன் விலை ஒரு நாள் டீ செலவு.

போடத் தெரிய வேண்டும்

வாங்கியதும் மிஷினை ஆன் செய்யாமல் ஒரு பத்து நிமிடம் ஹெல்மெட்டோடு மட்டும் செலவழியுங்கள். பின்னால் இருக்கும் திருகைச் சுற்றி, குனிந்தாலும் நழுவாத, ஆனால் நெற்றியில் தடம் பதியாத இறுக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். பக்கத் திருகுகள் லேசாக இருந்தால் தலை நிமிரும்போதே ஹெல்மெட் விழும். இறுக்கினால் ஆட்டினாலும் இறங்காது. தரையில் ஒரு சாக்பீஸ் புள்ளி வைத்து, ராடு நுனியை அதில் நிறுத்தி, தலையை மட்டும் ஆட்டி இறக்கிப் பழகுங்கள். கை அசையக் கூடாது. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஆட்டோ டார்க் என்றால் தினமும் காலையில் ஒரு சோதனை. முகத்தில் மாட்டாமல் கையில் பிடித்து, கண்ணாடியின் முன்பக்கத்தை வெயிலை நோக்கித் திருப்புங்கள். பெரும்பாலானவை உடனே கருக்கும். சிலவற்றில் இதற்கென்றே பட்டன் இருக்கும். கருக்கவில்லை என்றால் சென்சார் மேல் இருக்கும் கரியைத் துடையுங்கள், பேட்டரி மாற்றுங்கள். அப்படியும் இல்லையென்றால் அன்றைக்கு அது வேண்டாம்.

உள்ளே இரண்டு திருகு இருக்கும். ஒன்று எவ்வளவு வெளிச்சத்துக்குக் கருக்க வேண்டும் என்பதற்கு. மொட்டை மாடி வெயிலில் அதை அதிகமாக வைத்தால் சூரியனைப் பார்த்தே கருத்து நிற்கும். அங்கே குறைக்க வேண்டும், ஷெட்டுக்குள் வந்ததும் ஏற்ற வேண்டும். இன்னொன்று, ஆர்க் நின்ற பிறகு எவ்வளவு நேரம் கழித்து வெளுக்க வேண்டும் என்பதற்கு. ஆம்பியர் அதிகம் என்றால் நேரத்தைக் கூட்டுங்கள், இரும்பு இன்னும் தகதகவென்று இருக்கும். டேக் வேலைக்குக் குறைக்கலாம்.

இவற்றோடு 'கிரைண்ட்' என்று ஒரு நிலை உண்டு. கிரைண்டர் பொறியைப் பார்த்துக் கண்ணாடி கருக்காமல் இருப்பதற்கு. கிரைண்டிங் முடித்து, மறந்து அதே நிலையில் ராடை உரசினால் கண்ணாடி கருக்காது. ஆட்டோ டார்க் ஹெல்மெட்டில் நடக்கும் தவறுகளில் இதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். கிரைண்டரைக் கீழே வைக்கும் கையே அந்த பட்டனைத் தொட வேண்டும் என்று பழக்கிக்கொள்ளுங்கள்.

முதுகுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரக்கூடாது. சூரியனோ இன்னொரு வெல்டரோ பின்னால் இருந்தால், அந்த ஒளி ஹெல்மெட்டின் உட்பக்கம் பட்டுக் கண்ணாடியில் எதிரொலிக்கும். இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்தால் நடுவே ஒரு தகரமோ வெல்டிங் திரையோ நிற்கட்டும். ஹெல்மெட்டுக்குள் சாதாரண ஒளிபுகும் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டிருப்பது நல்லது. ஹெல்மெட்டைத் தூக்கிக் கசடு தட்டும்போது சூடாகத் தெறிப்பது அதில்தான் படும். பவர் கிளாஸ் போடுபவர்கள் தாராளமாக உள்ளே போட்டுக்கொள்ளலாம். நாற்பது வயதைத் தாண்டிப் பழகுபவருக்கு ஹெல்மெட்டுக்குள் மாட்டும் பெரிதாக்கும் லென்ஸ் தனியாகக் கிடைக்கிறது. 'எனக்கு கை வரல' என்று நினைப்பவருக்குப் பல நேரம் வராதது கண்.

நடு ராத்திரி கண் உறுத்தினால்?

நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் வைப்பது நம் ஊரில் வெல்டர்களுக்குக் காலம் காலமாகச் சொல்லப்படும் வைத்தியம். தாய்ப்பால், உருளைக்கிழங்குச் சாறு என்றும் சொல்வார்கள். பூவின் குளிர்ச்சி இதமாக இருக்கலாம். ஆனால் மேல்தோல் உதிர்ந்து கிடக்கும் கருவிழி என்பது திறந்த காயம். அதன்மேல் செடியிலிருந்து பறித்ததையோ சமையலறையில் நறுக்கியதையோ வைத்தால் கிருமித் தொற்று வரலாம். இதம்தான் வேண்டும் என்றால் மூடிய இமையின் மேல் சுத்தமான துணியில் குளிர்ந்த நீரை நனைத்து வையுங்கள். விளக்கை அணையுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள், கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் 'வெல்டிங் சொட்டு மருந்து' என்று கேட்டு வாங்குவதுதான் பூவை விட ஆபத்து. மரத்துப்போக வைக்கும் சொட்டு ஒரே நிமிடத்தில் வலியை நிறுத்தும். டாக்டர்கள் பரிசோதனைக்கு அதை ஒரு முறை போடுவார்கள். வீட்டில் வைத்துத் திரும்பத் திரும்பப் போட்டால் மேல்தோல் வளர்வதே தடைபடும், கருவிழியே கெட்டுப்போகலாம். ஸ்டீராய்டு கலந்த சொட்டும் டாக்டர் சொல்லாமல் கூடாது.

இன்னொன்றைக் கவனியுங்கள். ஆர்க் அடித்த கண் என்றால் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே உறுத்தும். ஒரு கண் மட்டும் உறுத்தினால் கிரைண்டர் தூளோ இரும்புத் துணுக்கோ கருவிழியில் குத்தி நிற்கலாம். இரும்பு என்பதால் அங்கேயே துருப் பிடித்து வளையம் போடும். 'நேத்து வெல்டிங் பண்ணினேன், அதான்' என்று விட்டுவிடாமல் அன்றே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு நாளில் குறையாத வலி, பார்வை மங்கல் இருந்தாலும் அப்படியே.

யார் வாங்கித் தர வேண்டும்?

இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 35-வது பிரிவே, அதிக வெளிச்சத்தால் கண்ணுக்கு ஆபத்துள்ள வேலைகளுக்குத் தகுந்த கண்ணாடியோ மறைப்போ தர வேண்டும் என்று பேசியது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும், பாதுகாப்புக்காகச் செய்து தரும் எதற்கும் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது என்கிறது. ஆனால் மின்சாரத்தில் இயங்கும் இடம் 'தொழிற்சாலை' ஆவதற்குப் பழைய சட்டத்தில் 10 பேர் போதும். இப்போது 20 பேர் வேண்டும்.

ஓனர், ஒரு வெல்டர், ஒரு ஹெல்பர் என்று மூன்று பேர் இருக்கும் கிரில் பட்டறை பழைய கணக்கிலும் வராது, புதிய கணக்கிலும் வராது. புதிதாக வேலைக்கு வருபவர்கள் கற்றுக்கொள்வதோ அங்கேதான். அங்கே சட்டத்துக்குப் பதிலாக இருப்பது ஓனரின் மனசு. அது நல்ல மனசாகவே இருந்தாலும், ஹெல்மெட் எப்போதும் வெல்டருக்கு ஒன்றுதான் வாங்கப்படுகிறது.

கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பையன் என்ன ஆவான்? சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-ல் சொன்ன மதிப்பீடு இதுதான்: உலகில் வெல்டர் என்ற பெயரில் வேலை செய்பவர்கள் சுமார் 1.1 கோடிப் பேர். வெல்டர் என்ற பெயரே இல்லாமல், வேலையின் நடுவே வெல்டிங்கின் பாதிப்புக்கு ஆளாகக்கூடியவர்கள் இன்னும் சுமார் 11 கோடி. பத்து மடங்கு. அந்தப் பையன் இந்த இரண்டாவது கணக்கில் இருக்கிறான்.

அவனுக்கு ஆட்டோ டார்க் வேண்டியதில்லை. அவன் எதையும் உற்றுப் பார்க்கப் போவதில்லை. தலையில் மாட்டும் சாதாரண ஹெல்மெட் ஒன்றும், முழுக்கைச் சட்டையும், லெதர் கையுறையும் போதும். அதற்கும் வழியில்லையென்றால் கம்பியைப் பிடிக்க ஒரு சி-கிளாம்போ மேக்னட் மூலைமட்டமோ வாங்கிப் போட்டு, பையனைத் தள்ளி நிற்கச் சொல்லலாம். அந்த மூணாவது கை வேலையை இரும்பே பார்த்துக்கொள்ளும்.

உங்கள் வீட்டுக்கு கேட் மாட்ட, படிக்குக் கைப்பிடி வைக்க ஆள் வந்திருந்தால் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். குழந்தைகளை உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஆர்க் வெளிச்சமும் கண்ணை அடிக்கும். "ஹெல்பர் தம்பிக்கு ஷீல்டு எங்கண்ணே?" என்று டேக் வைப்பதற்கு முன்னால் கேளுங்கள். வண்டியில் இன்னொன்று கிடந்தால் எடுத்துவருவார்.